எண்ணூறு விக்கெட்டுகள்: எவரேனும் முந்துவரோ?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் சாலை முடியுமிடத்தில் ஒரு பரந்த வெளி உண்டு. மலையுச்சி என்றால் கூர்மையாய் இருக்கும் என எண்ணி வருவோர் அதனைக் கண்டு வியப்பர். ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில் பெரியதொரு களத்துமேடு போலத் தட்டையாக விரிந்து கிடக்கிறது அவ்வெளி. குனிந்து நுழைய வேண்டிய சிறு குகையில் சேர்வராயனும் காவேரி அம்மனும் கோயில் கொண்டிருக்கின்றனர். மே மாதத் திருவிழாவில் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் அனைத்தும் அங்கே கூடும். மற்ற நாள்களில் அந்த வெளி எங்கள் ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். பந்து சரிவில் உருண்டால் மீட்டு வருவது பெரும்பாடு ஆதலால், விளிம்பைத் தாண்டி அடித்தவர் ‘அவுட்’ என்பது அங்குள்ள சட்டம்.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று அங்கு நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஜீப் ஓட்டும் என் பெரியப்பா மகன் சுழற்பந்து வீசுவதில் வல்லவர். முத்தையா முரளிதரனின் பக்தர் என்றே சொல்லலாம். ஆட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் அவர் சொன்னார்:

“எண்ணூறை இனி எவனும் தொட முடியாது பாப்பா. எழுதி வச்சுக்கோ.”

“என்னண்ணே, சாதனைன்னாலே ஒருநாள் முறியத்தானே செய்யும்?” என்றேன் நான்.

“நீ கணக்குத்தானே படிக்கிறே? வாயால சொல்லாதே. கணக்குப் போட்டுக் காட்டு.”

அந்தச் சவாலின் விளைவே இக்கட்டுரை. என் பக்கமே வெற்றி பெறும் என்று எண்ணித்தான் எழுதுகோலைக் கையில் எடுத்தேன். கணக்கு என்னை எங்கே கொண்டு சென்றது என்பதை வாசகர்கள் இறுதியில் காண்பார்கள்.

முரளிதரன் யார்?

கிரிக்கெட் அறியாத தோழியர்க்காகச் சில சொற்கள். டெஸ்ட் பந்தயம் என்பது ஐந்து நாள்கள் நடைபெறும் ஆட்டம். பந்து வீசுபவர் எதிரணியின் மட்டையாளர் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் அவர் கணக்கில் ஒரு விக்கெட் சேரும். உலகில் இதுவரை டெஸ்ட் பந்தயங்களில் மிகுதியான விக்கெட்டுகளை எடுத்தவர் இலங்கையின் முத்தையா முரளிதரன். 1992 முதல் 2010 வரை 133 பந்தயங்களில் 800 விக்கெட்டுகள்!

இவர் 1972-இல் கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். இவருடைய பாட்டனார் 1920-இல் நம் நாட்டின் தென்பகுதியிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யச் சென்றவர். தந்தையார் பிஸ்கட் தொழில் நடத்தியவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது முதலில் மித வேகப்பந்துதான் வீசினார். பயிற்சியாளரின் அறிவுரைப்படி பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்கு மாறினார். மலைத்தோட்ட வாழ்வை அறிந்த எங்களுக்கு அவர்மீது தனிப் பாசம் இருப்பதில் வியப்பில்லை அன்றோ?

2010 ஜூலையில் காலியில் இந்தியாவை எதிர்த்து அவர் தம் கடைசிப் பந்தயத்தை ஆடினார். அதற்கு முன் அவரிடம் இருந்தவை 792 விக்கெட்டுகள். முதல் இன்னிங்ஸில் 5. இரண்டாம் இன்னிங்ஸில் 2. இந்தியாவின் கடைசி விக்கெட் ஒன்றே மிச்சம்; அதனை வேறொருவர் எடுத்துவிட்டால் கணக்கு 799-இல் நின்றுவிடும். டெஸ்ட் வாழ்வில் தாம் வீசிய கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தினார்; மகேல ஜயவர்தன பந்தைப் பிடித்தார். எண்ணூறு நிறைந்தது.

முறிந்த சாதனைகளின் வரிசை

“சாதனை என்றால் முறியும்” என்று நான் சொன்னதற்கு வரலாறு துணை நிற்கிறது. 1964-இல் இங்கிலாந்தின் ஃப்ரெட் ட்ரூமன் முதன்முதலாக 300 விக்கெட்டுகளை எட்டினார்; 307-இல் நிறுத்தினார். 1976-இல் மேற்கிந்தியத் தீவுகளின் லான்ஸ் கிப்ஸ் அதனைக் கடந்து 309 எடுத்தார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி கடந்தார். அவர் கணக்கு 355. 1986-இல் இயன் போத்தம். 1988-இல் பெங்களூரில் நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி. ஹாட்லி 431-இல் ஓய்வு பெற்றார். 1994-இல் நம் கபில்தேவ் அதனைக் கடந்து 434-இல் நின்றார். 2000-இல் கோர்ட்னி வால்ஷ் கடந்து 519 வரை சென்றார். 2004-இல் முரளிதரனும் ஷேன் வார்னும் மாறி மாறி முந்தினர்; அவ்வாண்டு அக்டோபரில் வார்ன் முந்தியது நம் சென்னைச் சேப்பாக்கத்தில்தான். வார்ன் 708-இல் ஓய்வு பெற, 2007 டிசம்பரில் கண்டியில் முரளிதரன் அதனைக் கடந்தார்.

இப்பட்டியலைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை சாதனை கைமாறியிருக்கிறதே! ஆனால் அடுத்த வரியை எழுத முயன்றபோது கை நின்றது. அடுத்த வரி இல்லை. ட்ரூமனுக்குப் பின் வந்த எச்சாதனையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. முரளிதரனுடையதோ 2025 டிசம்பரோடு பதினெட்டு ஆண்டுகளைக் கண்டுவிட்டது. பழைய ஏணியில் புதிய படி ஏன் அமையவில்லை? அதனை அறியக் கணக்குத்தான் வேண்டும்.

தாயார் கற்பித்த வாய்பாடு

இந்தக் கணக்கின் அடிப்படையை நான் கல்லூரியில் கற்கவில்லை. என் தாயாரிடம் கற்றேன். அவர் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். பறித்த பழத்தை மாலையில் எடை போட்டுக் கூலி கொடுப்பார்கள். பருவ முடிவில் யார் மிகுதியாகப் பறித்தார் என்ற பேச்சு எங்கள் வரிசை வீடுகளில் ஆண்டுதோறும் எழும். மிக வேகமாகப் பறிப்பவர் பெரும்பாலும் முதலிடம் பெறுவதில்லை. ஒருமுறை நான் காரணம் கேட்டேன்.

“கை வேகம் இருந்தா மட்டும் போதுமா கண்ணு? நாள் வேணும். நல்ல வரிசையும் கிடைக்கணும்” என்றார் அம்மா.

மொத்தப் பறிப்பு என்பது, வந்த நாள்கள், ஒரு நாளில் பறிக்கக் கிடைத்த நேரம், கையின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கம். இதனையே கிரிக்கெட்டுக்குப் பொருத்தினால் பின்வரும் வாய்பாடு கிடைக்கிறது:

விக்கெட்டுகள் = பந்தயங்கள் × ஒரு பந்தயத்தில் வீசும் பந்துகள் ÷ ஒரு விக்கெட்டுக்கு ஆகும் பந்துகள்.

முரளிதரன் தம் வாழ்நாளில் வீசியவை 44,039 பந்துகள். அதாவது பந்தயத்துக்கு 331 பந்துகள். ஏறத்தாழ 55 ஓவர்கள்! ஒரு விக்கெட்டுக்கு அவர் செலவிட்டவை 55 பந்துகள். 133 × 331 ÷ 55 என்று பெருக்கி வகுத்துப் பாருங்கள். எண்ணூறு வந்து நிற்கும்.

இப்போது ஜேம்ஸ் ஆண்டர்சனைப் பார்ப்போம். இங்கிலாந்தின் இவ்வேகப்பந்து வீச்சாளர் 2003 முதல் 2024 வரை 188 பந்தயங்கள் ஆடி 704 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு ஆனவை 57 பந்துகள். முரளிதரனின் 55-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. மேலும் அவர் ஆடியது 55 பந்தயங்கள் கூடுதல். ஆயினும் 96 விக்கெட்டுகள் குறைவு! காரணம் இடையில் உள்ள உறுப்பில் இருக்கிறது. அவர் பந்தயத்துக்கு வீசியவை சராசரி 213 பந்துகளே. முரளிதரனைவிட ஏறத்தாழ 20 ஓவர்கள் குறைவு. வேகமாக ஓடிவந்து வீசுபவரின் உடல் அதற்குமேல் தாங்காது. சுழற்பந்து வீசுபவரோ நாள் முழுதும் வீசலாம். அதிலும் முரளிதரனுக்கு இணையாக விக்கெட் எடுப்போர் அவர் அணியில் மிகச் சிலரே இருந்தமையால், அணித்தலைவர்கள் மீண்டும் மீண்டும் அவர் கையிலேயே பந்தைக் கொடுத்தனர். 2006-ஆம் ஆண்டில் மட்டும் 11 பந்தயங்களில் 90 விக்கெட்டுகள் எடுத்தார்.

வேகமான கைகள் இல்லையா?

“முரளிதரனைப் போன்ற திறமையாளர் இனிப் பிறக்கமாட்டார், அதனால்தான் சாதனை முறியாது” என்று பலர் சொல்வர். இது பாதி உண்மையே. தென்னாப்பிரிக்காவின் ககிசோ ரபாடா 2024 அக்டோபரில் மிர்ப்பூரில் தம் 300-ஆவது விக்கெட்டை எடுத்தபோது, அதுவரை அவர் வீசியிருந்தவை 11,817 பந்துகள். 300 விக்கெட்டுகளை இவ்வளவு குறைந்த பந்துகளில் அதற்குமுன் எவரும் எட்டியதில்லை. ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ 39 பந்துகள்! கைவேகத்தில் முரளிதரனையும் விஞ்சியவர் இவர். முரளிதரன் வீசிய அத்தனை பந்துகளையும் இவர் இதே வேகத்தில் வீசினால் 1,100 விக்கெட்டுகளுக்கு மேல் வரும்.

ஆனால் வீச முடியுமா? 300 எடுக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகளில் 65 பந்தயங்கள் ஆயின, ஆண்டுக்கு ஏழு. மீதி 500 விக்கெட்டுகளுக்கு இதே கணக்கில் இன்னும் 108 பந்தயங்கள் வேண்டும். அதாவது பதினைந்து ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கைத் தாண்டும். நாற்பது வயதுக்குமேல் வேகப்பந்து வீசி நின்றவர் ஆண்டர்சன் போன்ற ஓரிருவரே.

ஆஸ்திரேலியாவின் சுழற்பந்து வீச்சாளர் நேதன் லயனை எடுத்துக்கொள்வோம். 560-ஐக் கடந்தவர், பந்தயத்துக்கு நான்கு விக்கெட்டுகள் என்பது அவர் சராசரி. மீதிக்கு ஏறத்தாழ அறுபது பந்தயங்கள் தேவை. ஆண்டுக்குப் பத்து ஆடினாலும் ஆறு ஆண்டுகள். 2025 நவம்பரிலேயே அவருக்கு முப்பத்தெட்டு நிறைந்துவிட்டது.

நம் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வினோ 106 பந்தயங்களில் 537 விக்கெட்டுகள் எடுத்தவர். பந்தயத்துக்கு ஐந்துக்கும் மேல். இது வார்னின் சராசரியைவிட மிகுதி. ஆனால் அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது இருபத்தைந்து. வெளிநாட்டு ஆடுகளங்களில் அவருக்குப் பல வேளைகளில் இடம் கிடைக்கவில்லை. 2021 கோடையில் இங்கிலாந்தில் நடந்த நான்கு பந்தயங்களிலும் அவர் வெளியே அமர்ந்திருந்தார். 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தபோது எண்ணூறுக்கு இன்னும் 263 மிச்சமிருந்தன. அவருடைய வேகத்தில் அது 52 பந்தயங்கள். கை வேகம் இருந்தது, நாள் போதவில்லை.

கடல் கடந்து ஒரு சான்று

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய விதியா என்ற ஐயம் எழலாம். அமெரிக்கக் கால்பந்து என்றொரு ஆட்டம் உண்டு. நீள்உருண்டைப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தடுத்து வீழ்த்த வருவோரை ஊடறுத்து ஓடுவது அதில் ஒரு கலை. ஓடிய தூரத்தைக் கெஜக் கணக்கில் குறித்து வைப்பார்கள். வாழ்நாளில் மிகுதியான தூரம் ஓடியவர் எம்மிட் ஸ்மித். 1990 முதல் 2004 வரை பதினைந்து பருவங்களில் 18,355 கெஜங்கள். ஆனால் அவர் காலத்திலேயே அவரைவிட வேகமாகத் தூரம் சேர்த்தவர் பாரி சாண்டர்ஸ். ஆட்டத்துக்குச் சாண்டர்ஸ் ஏறத்தாழ 100 கெஜம், ஸ்மித் 81. சாண்டர்ஸ் பத்துப் பருவங்களோடு 15,269 கெஜத்தில் விலகினார். ஸ்மித் ஆடியவை 226 ஆட்டங்கள். சாண்டர்ஸ் ஆடியவை 153. சாதனை யாரிடம் தங்கியது? நாள்களைச் சேர்த்தவரிடம். எங்கள் காப்பித் தோட்டத்து நியாயம் அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது!

குறுகிய நாள்காட்டி

எனவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். “முரளிதரனைப் போன்ற திறமையாளர் வருவாரா?” என்பதன்று கேள்வி. “வந்தால் அவருக்கு வீசுவதற்கு நாள் கிடைக்குமா?” என்பதே கேள்வி.

பந்தயத்துக்கு 5 விக்கெட் வீதம் எடுப்பவர்க்கு 160 பந்தயங்கள் வேண்டும். 4 வீதம் எடுப்பவர்க்கு 200. இருநூறு டெஸ்ட் ஆடியவர் உலகிலேயே சச்சின் டெண்டுல்கர் ஒருவர்தான்; அவர் மட்டையாளர். பந்துவீச்சையே முதன்மையாகக் கொண்டவர்களுள் 160-ஐக் கடந்தவர்கள் ஆண்டர்சனும் ஸ்டூவர்ட் பிராடும் மட்டுமே, இருவரும் இங்கிலாந்தினர். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள்தாம் ஆண்டுக்குப் பத்துப் பந்தயங்கள் என்ற அளவை ஒட்டி ஆடுகின்றன. ஐந்து நாள் ஆட்டம் செலவு மிக்கது. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபின் இருபது ஓவர் ஆட்டங்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. மூன்று மணி நேரத்தில் முடிகின்ற அவ்வாட்டத்தில் ஒரு பந்து வீச்சாளர்க்கு நான்கு ஓவர்களே உரியவை. மற்ற நாடுகளின் டெஸ்ட் தொடர்கள் பல இரண்டு பந்தயங்களாகச் சுருங்கிவிட்டன.

முரளிதரனின் நாடான இலங்கை 2025-ஆம் ஆண்டில் ஆடியவை நான்கே டெஸ்ட் பந்தயங்கள். அந்நாட்டில் பிரபாத் ஜயசூரிய என்ற சுழற்பந்து வீச்சாளர் இருக்கிறார். 2022-இல் காலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தம் முதல் பந்தயத்திலேயே 12 விக்கெட்டுகள் எடுத்தார். ஏழே பந்தயங்களில் 50-ஐ எட்டினார். சுழற்பந்து வீச்சாளர்களுள் அதற்குமுன் எவரும் அவ்வளவு விரைவாக எட்டியதில்லை, முரளிதரனும் எட்டியதில்லை. ஆனால் முதல் பந்தயத்தின்போது அவருக்கு வயது முப்பது. ஆண்டுக்கு நான்கு பந்தயம், பந்தயத்துக்கு ஆறு விக்கெட் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 24. எண்ணூறை எட்ட 33 ஆண்டுகள். வயது அறுபத்து மூன்று! முரளிதரனே இன்று இருபது வயதில் தொடங்கினாலும் இந்த நாள்காட்டியில் முரளிதரன் ஆக முடியாது.

அவர் காலத்திலும் அந்த நாள்கள் தாமாக வந்துவிடவில்லை. 1995 டிசம்பர் 26-இல் மெல்போர்னில், கையை வளைத்து எறிகிறார் என்று நடுவர் அவர் பந்துகளை ‘நோ பால்’ என அறிவித்தார். அப்போது அவர் நூறு விக்கெட்டைக்கூட எட்டியிருக்கவில்லை. பிறவியிலேயே அவர் முழங்கை முழுமையாக நிமிராது. அறிவியல் முறையில் கையின் அசைவு அளக்கப்பட்டது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் நின்றார். 2005-இல் எல்லாப் பந்து வீச்சாளர்க்கும் பொதுவாகப் பதினைந்து பாகை வரை முழங்கை நிமிரலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1995-லேயே அவரை ஒதுக்கியிருந்தால் எண்ணூறு ஏது? பந்து வீசியவர் அவர்தான். ஆனால் “வீசு” என்று கொடுத்தவர்களும் அந்த எண்ணில் இருக்கிறார்கள்.

எழுபத்தேழு என்னும் எண்

கணக்கு இவ்வளவில் முடிந்திருந்தால் அண்ணனிடம் தோற்றேன் என்று சொல்லிக் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ஏடுகளைப் புரட்டியபோது இன்னொரு சாதனை கண்ணில் பட்டது. அதுவும் முறியாத சாதனைதான். முரளிதரனுடையதைக் காட்டிலும் பழையது.

மகளிர் டெஸ்ட் பந்தயங்களில் மிகுதியான விக்கெட்டுகள் எடுத்தவர் இங்கிலாந்தின் மேரி டக்கன். 1949 முதல் 1963 வரை 17 பந்தயங்கள், 77 விக்கெட்டுகள். ஆம், எழுபத்தேழுதான்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை ஒருவரும் கடக்கவில்லை. ஆண்களில் எழுபத்தேழு என்பது நன்கு வீசும் ஒருவர் இரண்டாண்டில் சேர்க்கும் தொகை.

அத்தனை பெண்களிலும் எழுபத்தெட்டு எடுக்கத் திறமுடையவர் ஒருவரும் பிறக்கவில்லையா? நம் நாட்டின் ஜூலன் கோஸ்வாமி ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள் எடுத்து உலகச் சாதனை படைத்தவர். 2002 முதல் 2022 வரை இருபது ஆண்டுகள் ஆடினார். அந்த இருபது ஆண்டுகளில் அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 12, விக்கெட்டுகள் 44. அதே சராசரியில் அவர் நூறு பந்தயங்கள் ஆடியிருந்தால் 366 விக்கெட்டுகள் வரும். அது கபில்தேவின் கணக்கை நெருங்கும் எண்.

மட்டையாளர் நிலையும் அதுவே. சென்னையின் திருஷ் காமினி 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 ஓட்டங்கள் எடுத்தார். அதற்குப் பின் இந்திய மகளிர் அணி அடுத்த டெஸ்ட் பந்தயத்தை ஆடியது 2021 ஜூனில். இடையில் ஆறரை ஆண்டுகள்! 192 எடுத்தவர்க்கு மீண்டும் ஒரு டெஸ்ட் வாய்க்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. முறியாத சாதனை எல்லாம் ஒரே வகையன்று. ஒன்று, மாபெரும் திறமைக்கு மாபெரும் வாய்ப்பும் கூடியதால் உயர்ந்து நிற்பது; அது முரளிதரனின் எண்ணூறு. மற்றொன்று, பின்வந்தோர்க்குக் கதவு அடைபட்டதால் நிலைத்திருப்பது. அது மேரி டக்கனின் எழுபத்தேழு. முன்னதைக் கண்டு வியக்கலாம். பின்னதைக் கண்டு வெட்கப்பட வேண்டும். குறை மேரி டக்கனிடம் இல்லை, 17 பந்தயங்களில் 77 என்பது பந்தயத்துக்கு நான்கரை, அருமையான வீச்சு. குறை நாள்காட்டியில் இருக்கிறது.

இந்தச் சாதனையை முறியடிப்பது கடினமும் அன்று. 2024 ஜூனில் நம் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த டெஸ்டில் சினே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகளும், பந்தயத்தில் மொத்தம் 10 விக்கெட்டுகளும் எடுத்தார். பந்தயத்துக்கு ஐந்து வீதம் என்று குறைத்தே வைத்தாலும் பதினாறு பந்தயங்களில் எழுபத்தேழைக் கடந்துவிடலாம். ஆனால் 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகளில் இந்திய மகளிர் ஆடியவை ஐந்தே டெஸ்டுகள். அந்த வீதத்தில் பதினாறு பந்தயங்களுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு நான்கு கொடுத்தால்? நான்கே ஆண்டுகள்!

முடிவுரை

ஆக, என் விடை இதுதான். எண்ணூறு கணிதப்படி முறியாதது அன்று. பந்தயத்துக்கு ஐந்து, ஆண்டுக்குப் பத்து, பதினாறு ஆண்டு என்ற மூன்றும் ஒருவரிடம் கூடினால் முறியும். ஆனால் இன்றுள்ள நாள்காட்டியில் அம்மூன்றும் கூடுவது அரிதினும் அரிது. ஆகவே எங்கள் தலைமுறையில் அது நிலைத்திருக்கும் என்றே கருதுகிறேன். எழுபத்தேழோ முறிய வேண்டியது, முறியக் கூடியது. கொடுக்க வேண்டியது நாள் ஒன்றே.

இந்தக் கணக்கை எழுதிக்கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளைப் பொறுமையாகப் படித்தார். “அப்ப நான் ஜெயிச்சுட்டேன்” என்று சிரித்தார். பிறகு கடைசிப் பக்கத்தை மீண்டும் படித்துவிட்டுக் கேட்டார்: “நீகூடச் சின்ன வயசுல இங்கதானே பந்து போட்டே? நல்லா சுத்துமே. எப்ப நிறுத்தினே?”

“பதிமூணு வயசுல அண்ணே.”

“ஏன்?”

நான் விடை சொல்லவில்லை. அவரும் அறிந்த விடைதான் அது. பெரியவளான பெண் பையன்களோடு ஓடியாடக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். மைதானத்திலும் எவரும் “வா” என்று அழைக்கவில்லை. நான் பெரிய வீச்சாளர் ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. என் திறமை எவ்வளவு என்பதை அளக்கப் போதுமான பந்துகளை நான் வீசவில்லை என்பது மட்டுமே உண்மை. தரவு இல்லாமல் முடிவு கூறக் கூடாது என்றுதானே வகுப்பில் கற்கிறோம்?

அடுத்த ஞாயிறு அண்ணன் மகள் விளிம்போரம் நின்று பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. நான்காவது ஓவர் தொடங்கும்போது அண்ணன் அவளை அழைத்துப் பந்தைக் கையில் கொடுத்தார். முதற்பந்து பாதியிலேயே விழுந்து உருண்டது; பையன்கள் சிரித்தனர். ஆறு பந்தையும் அவளே வீசினாள். மறு ஞாயிறும் அவளுக்கு ஓர் ஓவர் கிடைத்தது.

நம் கல்லூரி ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்விதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். நம் மைதானத்தில் வாரம் ஒரு மாலைப்பொழுதை மாணவியர் கிரிக்கெட் பயிற்சிக்கு ஒதுக்கித் தரவேண்டும். எங்களுள் யாரேனும் எழுபத்தெட்டை எட்டுவோம் என்று வாக்குறுதி தர இயலாது. ஆண்டுக்கு ஐம்பது மாலைகள், மாலைக்கு ஆளுக்கு ஐந்து ஓவர்கள் எனில், மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் 4,500 பந்துகள் வீசியிருப்போம். எங்கள் திறமை எவ்வளவு என்பதைச் சொல்ல அந்தத் தரவு போதும்.